முக்வானா வீட்டுக் கிறிஸ்துமஸ் கருவாடு

கிறிஸ்துமஸ் அன்று காலை எட்டு மணிக்குக் கிசாவின் கைப்பேசி அடித்தது. பேசி முடித்தவன் நேராகப் போய் அப்பா முக்வானாவின் முன்னால் நின்றான்.

"அப்பா, நெலிமாவோட அப்பா மக்கோக்கா வர்றாராம். அவரோட அக்காவும் கூட வர்றாங்களாம். மத்தியானச் சாப்பாடு இங்கதான்னு சொல்லிட்டாரு."

"வரட்டுமே. நல்ல காரியந்தானே."

"கல்யாணப் பேச்சை முடிக்க வர்றாருப்பா. அவர் முன்னாடி கருவாட்டை வைக்க முடியாது. ஒரே ஒரு கோழி அடிச்சிடலாம்."

முக்வானா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "திருடன் கிடைச்சுட்டானா?"

புங்கோமா பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் எல்லா வீட்டிலும் கோழிதான். முக்வானா வீட்டில் மட்டும் ஓமேனாக் கருவாட்டுக் குழம்பும் உகாலிக் களியும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். இயேசு பிறந்த அன்று மரியாளும் ஓமேனாதான் சாப்பிட்டாள் என்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கிட்டாலேயிலிருந்து பாதிரியார் விருந்துக்கு வந்திருந்தார். விருந்தாளிக்குக் கோழி வைத்தால் அதன் இரைப்பையை அவருக்குத்தான் வைக்க வேண்டும். அது இல்லாத கோழியை வைப்பதும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் ஒன்றுதான். அன்று மூடியைத் திறந்தால் கால் இருந்தது, நெஞ்சு இருந்தது, கழுத்துகூட இருந்தது. இரைப்பையைக் காணோம். பாதிரியார் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். எடுத்தவன் தன் வாயால் ஒத்துக்கொள்ளும்வரை இந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கோழி கிடையாது என்று முக்வானா சத்தியம் செய்துவிட்டார்.

சந்தேகம் மூன்று பேர் மேல். அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த கிசா, அவன் அண்ணன் பராசா, சித்தப்பா வசிகே. ஆண்கள் வேறு யாரும் வீட்டில் இல்லை. இரைப்பை ஆண்கள் மட்டுமே சாப்பிடுகிற பண்டம். மூன்று பேரும் பைபிள் மேல் கை வைத்து இல்லை என்றார்கள்.

இப்போது முப்பத்து நான்கு வயதில், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாராக இருந்துகொண்டு, கிசா மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். ஒரு பொய். ஒரு கோழி. ஒரு பெண்டாட்டி.

"அப்பா, நான்தான் தின்னேன்."

முக்வானா ரேடியோவை அணைத்தே விட்டார். "எங்க வச்சுத் தின்ன?"

"சோளக் குதிருக்குப் பின்னாடி."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

கிழவர் எழுந்து மகனைக் கட்டிக்கொண்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. கிசாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"நல்லது. கோழி அடிச்சிடலாம்," என்றார் முக்வானா. "அந்த மனுஷன் வந்ததும் முதல்ல இதைச் சொல்லிடுறேன்."

"எதைப்பா?"

"மாப்பிள்ளை திருடன்னு. ஒருத்தர் பொண்ணு குடுக்க வரும்போது மறைக்கலாமா?"

கிசா வெளியே பாய்ந்தான். கொல்லைப்புறம் ஓடி அண்ணனைப் பிடித்தான்.

"அண்ணே, நீதான் தின்னேன்னு சொல்லிடு. உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. நஷ்டம் ஒண்ணுமில்ல."

"என் பொண்டாட்டி என்னடா நினைப்பா?"

"என் தோல் செருப்பை எடுத்துக்க."

பராசா செருப்பைப் போட்டுப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. அப்பாவிடம் போய், "தம்பி என்னைக் காப்பாத்தத்தான் பொய் சொல்றான். தின்னது நான்," என்றான். சொல்லி முடிப்பதற்குள், விஷயத்தை அரைகுறையாகக் கேட்டிருந்த சித்தப்பா வசிகே உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணே, சின்னப் பசங்களை விடு. பாவம் என்னோடது. நான்தான்."

நல்ல மனசு வசிகேவுக்கு. நேரம்தான் தெரியாது.

முக்வானா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருந்தது ஒரு இரைப்பை. தின்னவங்க மூணு பேரா? அப்ப ஒருத்தன் திருடன், ரெண்டு பேரு பொய்யன். இதையும் சேர்த்தே சொல்லிடுறேன். கோழி கிடையாது. போங்க."

அம்மா நாலியாகா வாசலில் எட்டிப் பார்த்தாள். "ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க. நான் அடுப்பு மூட்டணும்."

"கருவாடுதான்," என்றார் முக்வானா.

பதினொரு மணிக்கு மக்கோக்கா தன் அக்கா நகுமிச்சாவோடு வந்து இறங்கினார். அக்கா நேரே சமையலறைக்குப் போனாள். மக்கோக்கா நாற்காலியில் உட்காருவதற்குள் முக்வானா ஆரம்பித்துவிட்டார். பாதிரியார் முதல் பராசா காலில் கிடந்த தம்பியின் செருப்புவரை ஒன்றையும் விடவில்லை. கிசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெலிமாவை இனி சந்தையில் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

மக்கோக்கா தாடியைத் தடவினார். ஊர்ப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகிய மனுஷர்.

"உங்க சத்தியம் என்ன? திருடன் ஒத்துக்கணும், அவ்வளவுதானே? மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் திருடன். அப்ப திருடன் ஒத்துக்கிட்டாச்சு."

முக்வானா யோசித்தார். எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் மக்கோக்கா. "இரைப்பை தொலையுற வீட்டுல பொண்ணு குடுக்க எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கு அது ஒழுங்கா என் தட்டுக்கு வரட்டும். வந்தா பேச்சை முடிச்சுக்கலாம். வரலைன்னா நான் கிளம்புறேன்."

கோழி அடிக்கப்பட்டது. முக்வானா மூன்று பேரையும் எதிரில் பெஞ்சில் உட்கார வைத்து, வாசலுக்குக் குறுக்கே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் ஒருவரையும் அசைய விடவில்லை. சித்தப்பா கொல்லைக்குப் போக வேண்டும் என்றதற்கு, "அடக்கிக்க," என்றார்.

சட்டி வந்தது. முக்வானாவே மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினார். கால் இருந்தது. நெஞ்சு இருந்தது. இன்னொரு முறை அடிவரை கிளறினார்.

பெஞ்சில் இருந்த மூன்று பேரையும் பார்த்தார். இரண்டு மணி நேரமாக அவர் கண் முன்னால் இருந்தவர்கள். மக்கோக்கா மெதுவாகத் தொப்பியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மாமா, தவறிப்போய் அடுப்படியில விட்டுருப்பாங்க," என்று கிசா சமையலறைக்கு ஓடினான். மக்கோக்காவும் முக்வானாவும் பின்னாலேயே வந்தார்கள்.

உள்ளே நாலியாகாவும் நகுமிச்சாவும் அடுப்பின் முன்னால் முக்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவர் வாயும் மென்றுகொண்டிருந்தன. வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்ததால் வந்தவர்களைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல பூனை தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடுவேன்," என்றாள் நகுமிச்சா. "என் தம்பி அதுக்காக இதுவரைக்கும் நாலு பூனையைத் துரத்தியிருக்கான்."

நாலியாகா விரலைச் சப்பிக்கொண்டாள்.

"இதுவும் பரவாயில்ல. ஆனா பாதிரியார் வந்தன்னிக்குத் தின்னதுல இருந்த ருசி இதுல இல்ல, சம்பந்தி."