சபை கூடி நீட்டித்த விசா

பொய்யில் இரண்டு வகை உண்டு. நாமே சொல்வது ஒன்று. அடுத்தவர் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தாமல் விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதில் அலுப்புக் குறைவு. என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை நான் அப்படித்தான், கட்டிலில் படுத்தபடியே, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

அப்போது ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டில் முதுநிலைப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். (நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் கோப்பு இன்னும் இருக்கும்.) இரண்டு வருடப் படிப்பு, அதற்குத் தகுந்தாற்போல் விசா. இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு தேர்வை எழுதிவிட்டு அறைக்கு வந்து விழுந்த சமயத்தில், கோயம்புத்தூரிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

“என்ன கண்ணு, எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்கம்மா.”

நான் சொன்னது அன்றைய தேர்வை. அம்மா கேட்டது மொத்தப் படிப்பை. அடுத்த நொடியே, “ஏனுங்க, சாமு படிப்ப முடிச்சுப்போட்டானுங்க!” என்று அப்பாவிடம் கூவுவது கேட்டது. அப்போதே திருத்தியிருக்கலாம். ‘இல்லீங்கம்மா, இப்ப எழுதினது ஏற்கெனவே பெயிலான பேப்பர், ஆய்வறிக்கை வேற பாக்கி’ என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு என்னிடம் தெம்பில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கண் விழிப்பதற்குள் எங்கள் சபையில் என் பெயரால் நன்றி சொல்லி ஸ்தோத்திர காணிக்கை செலுத்தி, ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கேக்கும் மிக்சரும் கொடுத்தாகிவிட்டது. கேக்கைத் தின்று முடித்த முன்னூறு பேரிடம் என்ன சொல்வது?

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. மறுபடியும் பெயில். அதன் பிறகு முதல் வகைப் பொய்களும் தேவைப்பட்டன. வேலை தேடுகிறேன் என்றேன். நேர்காணல் நன்றாகப் போனது என்றேன். போகாத நேர்காணலுக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்றுகூட அம்மாவிடம் சொன்னேன். பொய் சொல்வது இவ்வளவு உழைப்பு என்று தெரிந்திருந்தால் அந்த உழைப்பைப் பாடத்தில் போட்டிருப்பேன்.

மூன்று மாதத்தில் என் அக்கா பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊருக்கு வந்தேன். பெட்டியில் அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டிலும், எனக்கு ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்தன. விசா முடிய ஆறு வாரம்தான். ஒரு வருடம் நீட்டிக்க வேண்டுமானால், ‘இன்னும் ஒரு வருடம் என் மகனின் செலவுகளை நான் ஏற்கிறேன்’ என்று அப்பா கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வைத்த கடிதம் வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டமில்லை. இரண்டு வருடக் குளிருக்கு எனக்கு மிஞ்சுவது ஒரு கம்பளிக் கோட்டுதான்.

அப்பா ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். தண்ணீர் இறைத்துப் பார்க்காமல் எந்த மோட்டாருக்கும் கையெழுத்துப் போடாத மனிதர். கல்யாண மண்டபத்துக் காகிதங்களுக்கு நடுவில் என் கடிதத்தையும் செருகி, “இங்க, இங்க, இங்கீங்கப்பா” என்று வேகமாக நீட்டினேன். மூன்றாவது ‘இங்க’வில் பேனா நின்றது.

“என் கண்ணாடி எங்க?” என்றார் அப்பா.

“அவசரமில்லீங்கப்பா” என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். (பன்னாட்டு மோசடிக்கு நான் லாயக்கில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.)

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா தொண்டாமுத்தூர்ப் பக்கம் முப்பது வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல்காரனை விசாரிப்பதைப் போலவே விசாரித்தார். எப்போதிருந்து? எத்தனை தடவை? வேறு யாருக்குத் தெரியும்? கடைசியில் கேக்கை நினைத்துக் கொஞ்சம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவு சொன்னார்.

“அப்பாகிட்ட இப்ப மூச்சு விடாதே. பாவம், கல்யாண வேலையில அலையறாரு. கல்யாணம் முடிஞ்சதும் நானே பக்குவமாச் சொல்றேன். அதுவரைக்கும் ஆண்டவர்கிட்டச் சொல்லி வெப்போம்.”

வீட்டில் முழங்கால் போட்டு ஜெபிப்பார் என்று நினைத்தேன். அம்மா ஒரு சீட்டை எழுதி, சபை வாசலில் இருக்கும் ஜெப விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட்டார். போதகர் தனியாக எடுத்துப் படித்து ஜெபிப்பார் என்பது அவருடைய எண்ணம். ஆனால் போதகருக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. அதனால் விண்ணப்பங்களையெல்லாம் சபைச் செயலர் தங்கராஜ் அங்கிளிடம் கொடுத்துவிட்டார்.

தங்கராஜ் அங்கிள் நல்ல மனிதர். காகிதத்தில் இருப்பதில் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அக்காவுக்கு ஓலை வாசிக்கும் நாள். (கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் அறிவித்து, யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை.) அதற்காகத் தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரண்டாவது வரிசையில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் நான். அம்மா பெண்கள் பக்கம்.

மற்றவர்கள் சீட்டில் ‘ஒரு சகோதரியின் சுகத்துக்காக’, ‘ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக’ என்றுதான் எழுதுவார்கள். முப்பது வருடம் நோயாளிப் பதிவேடு எழுதிய கை அப்படி எழுதுமா?

தங்கராஜ் அங்கிள் மைக்கில் கணீரென்று வாசித்தார்.

“பெயர், சாமுவேல். வயது இருபத்தைந்து. தொந்தரவு, வெளிநாட்டுப் படிப்பு முடியவில்லை. எவ்வளவு நாளாக, மூன்று மாதத்துக்கு மேல். காரணம், ஒரு பாடத்தில் இரண்டு முறை பெயில். ஆய்வறிக்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை.”

(ஆரம்பித்திருந்தேன். தலைப்பு வைத்திருந்தேன்.)

“தேவை, விசா ஒரு வருடம் நீட்டிக்கப்பட. பின்பக்கம் பார்க்க.”

சீட்டைத் திருப்பினார்.

“குறிப்பு. தகப்பனாருக்கு இன்னும் தெரியாது. கல்யாணம் முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லப்படும்.”

“சபையார் அனைவரும் இதற்காக ஜெபிப்போம்” என்றார் அங்கிள். முன்னூறு தலைகள் குனிந்தன. நிமிர்ந்திருந்தவை இரண்டே தலைகள். ஒன்று என்னுடையது. மற்றது எனக்கு முன் வரிசையிலிருந்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

அப்பாவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஊமையாகிவிட்ட மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதற்கடுத்த நிகழ்ச்சி ஓலை. கட்டிய தொண்டையோடு போதகர் எழுந்து, “இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்” என்று சொல்லி, வழக்கம்போலச் சற்று நிறுத்தினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது, இது குடும்பத்தோடு படிக்கும் கட்டுரை. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். மொத்தச் சபையும் திரும்பியது. அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

வெறும் செருமல்தான். போதகர் அவசர அவசரமாக ஆமென் சொன்னார்.

வெளியே டீ கொடுக்கும் இடத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர், தன் மச்சான் பையனுக்கும் விசா இழுத்தடித்து, இப்போது அவன் பல்லடத்தில் சந்தோசமாக இருப்பதாகச் சொன்னார். பாடகர் குழுவில் பாடும் ஓர் அத்தை, “அப்ப மூணு மாசத்துக்கு முந்தித் தின்னமே, அந்தக் கேக்கு எதுக்குங்க தம்பி?” என்று நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

தலைமையாசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் ஏறக்குறைய பெஞ்சு மேல் ஏறி நிற்கத் தயாரானேன்.

“ஏனுங்க தம்பி, பரிச்சை எப்பங்க?”

“அடுத்த பிப்ரவரிங்க.”

“அப்பச் சரிங்க. எங்க கல்யாணத்தன்னிக்கு வந்துரப் போகுதோன்னு பயந்துட்டேனுங்க. மச்சான் இல்லீன்னா எங்க பையன் மொகத்தத் தூக்கி வெச்சுக்குவான்.”

அவ்வளவுதான் அவருடைய கவலை. டீயை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அப்பாதான் பேசவில்லை. காரில் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் பேசவில்லை. அம்மா இரண்டு தடவை, “அந்தச் சீட்ட வாசிக்கவே மாட்டாங்கன்னு நெனச்சனுங்க” என்றார். திங்கட்கிழமை காலை அப்பா என் அறை வாசலில் நின்று, “அந்தக் கடுதாசிய எடுத்துட்டுக் கெளம்பு” என்றார்.

நோட்டரி அலுவலகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தார். பிறகு, “எந்தப் பாடம்?” என்றார்.

“கண்ட்ரோல் சிஸ்டம்ஸுங்கப்பா.”

“அதுல என்ன வரும்?”

எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். (என்ன விளக்கியிருப்பேன் என்று நீங்களே யூகிக்கலாம்.) அப்பா பொறுமையாகக் கேட்டார். நோட்டரியும் கேட்டார்.

“தொட்டி நெறஞ்சா மோட்டரு தானா நிக்கோணும். அதுதான?”

“கிட்டத்தட்ட அதுதானுங்கப்பா.”

“அதுக்கா ரெண்டு தடவ பெயிலானே?”

நோட்டரி சிரிப்பை அடக்க முத்திரையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“பெயிலானது பெரிசில்ல சாமு. முன்னூறு பேரோட சேந்து நானும் கேட்டனே, அதுதான் ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

வீடு வந்து சேரும் வரை கடிதத்தைக் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. (மச்சானாக மட்டும் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.) திரும்பிப் போய் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் வாங்கிக் காத்திருந்த அன்று, சபை மகளிர் கூட்டத்தில் எனக்காக உபவாசம் இருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் யாராவது ஒருவர் ‘நீட்டியாச்சா?’ என்று செய்தி அனுப்பினார்கள். வெறும் வயிற்றோடு அத்தனை பேர் காத்திருக்க, அந்த அதிகாரி அம்மாள் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தாமதத்துக்குக் காரணம் சொல்ல நான் ஒரு முழுச் சொற்பொழிவை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கடிதத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், “இந்த முறை முடித்துவிடுங்கள்” என்றார். ஒரு வருடம் கிடைத்தது. மகளிர் கூட்டத்தார் சாப்பிடப் போனார்கள்.

பிப்ரவரியில் தேறினேன். ஆய்வறிக்கையும் முடிந்தது. சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினேன். அம்மா இரண்டாம் முறையாக ஸ்தோத்திர காணிக்கை செலுத்தினார். அதைத் தங்கராஜ் அங்கிள் அறிவித்த காணொளி இன்னமும் எங்கள் உறவினர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

“சாமுவேல் தம்பி படிப்ப முடிச்சதுக்காகப் போன வருசமே ஒருக்கா ஸ்தோத்திரம் சொல்லிட்டோமுங்க. இந்தத் தடவ நெசமாலுமே முடிச்சுட்டாருங்க.”

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. போன மாதம் மகள் பிறந்தாள். பிரசவ அறை வாசலிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சொன்னேன்.

“ரொம்பச் சந்தோசம் கண்ணு” என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“பர்த் சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்பறம் சர்ச்சுல சொல்லிக்கலாம்.”