பஞ்சுக் கை

"அந்தக் கை பஞ்சு மாதிரி இரிந்திச்சு," என்றாள் ஹாஜறா.

பாயில் சாய்ந்திருந்தாள். இரண்டு கண்களும் வீங்கி மூடிக் கிடந்தன. எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவளுடைய கணவன் ஜவுபர் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆர்ர கை?"

"அப்போதிக்கரி ஐயாட கை. கண்ணைக் கழுவினதே தெரியல்ல."

எண்பதுகளின் தொடக்கத்தில் நிந்தவூருக்குக் கண்ணோய் வந்த மாதம் அது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை சிவக்காத கண் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஓட்டுகிறவர்களுக்கே நோய் வந்ததால் பஸ்களும் ஒழுங்காக ஓடவில்லை. ஜவுபரின் தையல் கடைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அளவெடுக்கக் கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்த மூன்று கிழமையில் ஜவுபர் குறை பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டான். சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்புக் கூடினாலும் முற்றத்தில் கோழி கத்தினாலும் ஹாஜறாதான் குற்றவாளி. ஒரு நாள் சோறு குழைந்துவிட்டது என்று பீங்கானைத் தள்ளிவிட்டான். அவள் சிந்தியதைக் கூட்டி அள்ளினாள். பிள்ளைகள் இரண்டும் ஏற்கனவே பொத்துவிலில் அவளுடைய உம்மா வீட்டில் நின்றன. பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் தானும் அங்கேயே போய்விடுவதாகச் சொல்லி உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். போனால் போ என்று இவனும் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் அவள் கண் சிவந்தது. தனியாகவே டிஸ்பென்சரிக்குப் போய் வந்தாள். வந்ததும் இந்தப் பஞ்சுக் கதை.

பொத்துவிலுக்குப் போ என்று சொன்னவனுக்கு, இப்போது அவள் சந்தியடி டிஸ்பென்சரிக்குப் போவதுகூடப் பொறுக்கவில்லை. அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி பூபாலசிங்கத்தை அவன் தூரத்தில் பார்த்திருக்கிறான். சலவைச் சட்டை, நேர்வகிடு. கையை மட்டும் கவனித்ததில்லை. அதை நினைத்து இப்போது கவலைப்பட்டான்.

இனிமேல் மருந்தைத் தானே விடுவதாகச் சொல்லி, அவள் கொண்டுவந்த போத்தலை வாங்கிக்கொண்டான். இருபது வருடம் ஊசி பிடித்த விரல்கள். நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தன. இமையைத் தொட்டதும் அவள் துடித்துப்போனாள்.

"மெல்லப் புடிங்க. அது கண், காற்சட்டைத் துணி இல்ல."

ஐயா இமையைத் தொடுவதே தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஜவுபர் குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து, இரண்டு கையையும் அரை மணித்தியாலம் ஊறவைத்தான். கை மெதுமையானதோ இல்லையோ, வழுக்கத் தொடங்கியது. மருந்துப் போத்தல் சீமெந்துத் தரையில் விழுந்து நொறுங்கியது. சத்தத்தைக் கேட்ட ஹாஜறா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இனித் தினமும் டிஸ்பென்சரிக்குப் போய்த்தான் மருந்து விடவேண்டும் என்றாள்.

அப்படியானால் துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னான். முதல் வேலையாகக் கல்முனைச் சந்தைக்குச் சைக்கிளை மிதித்து, இருந்ததிலேயே பெரிய கறுப்புக் கண்ணாடியை வாங்கி வந்தான். பாதி முகம் மறைந்தால் அப்போதிக்கரிக்குப் பார்க்க என்ன இருக்கும் என்பது அவன் கணக்கு. ஹாஜறா அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டுச் சரீபா வேலியடியில் நின்று, கொழும்புப் பொம்பிளையே இவளிடம் தோற்றாள் என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு வீட்டுக்குள்ளும் அவள் அதைக் கழற்றவில்லை. யாருக்காக இந்த அலங்காரம் என்று ஜவுபர் வெந்தான்.

டிஸ்பென்சரியில் பெண்களை மட்டும் திரைக்கு அப்பால் விட்டார்கள். துணைக்கு வந்த ஆண்கள் வாசல் படலையடியில் நிற்கவேண்டும். அங்கே நின்ற ஜவுபரின் காதில், நூறு பேருடைய இரைச்சலுக்குள்ளும் ஹாஜறாவின் சிரிப்பு விழுந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று யோசித்தான். கணக்குத் தெரியவில்லை. அதுதான் நெஞ்சில் குத்தியது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரிடமும் விசாரிக்கவும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் குறையில்லாமல் வைத்திருந்தால் வெளியே சிரிக்கத் தேவை வராது என்று முடிவெடுத்தான். கிணற்றில் தண்ணீர் அள்ளினான். முற்றம் கூட்டினான். மீன் ஆணம் காய்ச்சினான். உப்புக் கூடியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் தின்றாள். தின்னும்போது, ஒரு காற்சட்டைக்கு இரண்டு காலையும் ஒரே பக்கத்தில் தைத்துவிட்ட பழைய கதையைச் சொல்லிக் காட்டினான். ஹாஜறா சிரித்தாள்.

"ஐயா சொல்ற பகிடி இதைவிட நல்லம்," என்றாள்.

ஜவுபர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

பத்தாம் நாள், படலையடியில் அத்தனை சிவந்த கண்களோடு நின்றதன் பலனாக, அவன் கண்ணும் சிவந்தது. மத்தியானத்துக்குள் வீங்கிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதாக ஹாஜறா சொன்னாள். அவன் விடவில்லை. அப்போதிக்கரியோடு நேருக்கு நேர் கதைக்கவேண்டியிருந்தது. வேலிகளைத் தடவித் தடவித் தனியாகவே போய்ச் சேர்ந்தான்.

அங்கே யாரோ தோளைப் பிடித்து வாங்குப் பலகையில் இருத்தினார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் பட்டது. பிறகு அந்தக் கை.

பஞ்சுதான். ஹாஜறா ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. வழிநெடுக வளர்த்துக்கொண்டு வந்த கோபமெல்லாம் கரைந்தது. கரைந்த இடத்தில் அழுகை வந்தது. இந்தக் கையோடு தான் எப்படிப் போட்டி போடுவது?

"ஐயா," என்றான், கண்ணை மூடியபடியே. "நீங்க நல்ல மனிசன். ஆனா என்ர பொண்டாட்டி ஹாஜறாட கண்ணைப் பாக்க நான் இரிக்கன். அவளுக்குச் சொல்ற பகிடியையும் கொஞ்சம் குறைச்சிக்கோங்க. நான் இப்பதான் பழகிட்டு வாறன்."

கை நின்றது. பிறகு மெல்ல அவனுடைய இமையைப் பிரித்தது. மங்கலாக ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. அதற்கு மேலே நரைத்த தலை, வெற்றிலை போட்ட வாய். டிஸ்பென்சரியில் உதவிக்கு நிற்கும் காரைதீவு தங்கேஸ்வரி.

"பூபாலசிங்கம் ஐயாவும் கண்ணோய் வந்து ரெண்டு கிழமையா ஊட்டில கிடக்கார் தம்பி," என்றாள் அவள். "எல்லாருக்கும் கழுவுறது நான்தான். உங்கட ஊட்டுக்காரிக்கும் நான்தான் கழுவினன். பகிடி சொன்னதும் நான்தான்."

ஐயாவின் கை என்றல்லவா ஹாஜறா சொன்னாள் என்று ஜவுபர் தடுமாறினான்.

தங்கேஸ்வரி பஞ்சைப் பிழிந்துவிட்டு, அவனுடைய மற்றக் கண்ணுக்கு வந்தாள்.

"சொல்லுவாதானே. ஐயாட கையெண்டு சொன்ன பிறகுதானே நீங்க வேலையெல்லாம் செய்யிறீங்களாம். அவவுக்குக் கண் சுகமாகி நாலு நாளாகுது. 'சுகமாயிட்டெண்டு தெரிஞ்சா மனிசன் திரும்பப் பழைய ஆளாகிருவார், சொல்லிராதீங்க அக்கா' எண்டு காலம்பறயும் கேட்டுட்டுத்தான் போனா."