ஓலை வாசித்தபோது வந்த இருமல்

அஸ்தினாபுரம் சம்பந்தியம்மா ஈவ்லின் அவர்களுக்கு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பெண்ணின் பாட்டி சாராள் தோத்திரம் சொல்லி எழுதுவது.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கு சர்ச்சில் இருந்தவர்கள்: எங்கள் பெஞ்சில் நான், மகன் துரை, மருமகள் ஜான்சி, பேத்தி ஜெரூஷா, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்திருந்த என் தம்பி ஜீவரத்தினம். எதிர் பெஞ்சில் நீங்களும் மாப்பிள்ளையான உங்கள் பேரன் ஜெபினும். பீடத்தில் ஜெர்சன் போதகர். இத்தனை பேர் சாட்சியாக இருந்தும் ஒருவர்கூட நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் நானே பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதலாவதைப் போதகர் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டு நிறுத்துகிற அந்த இடத்தில் நான் இருமினேன். உண்மைதான். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலைக்கும் அதே இடத்தில் இருமினேன். அதுவும் உண்மைதான். ஆனால் நான் காபி குடிக்கும்போதும் இருமினேன், குளிக்கும்போதும் இருமினேன், தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் இருமினேன். கத்தரிக்காய்க்காரர் அதைத் தடை என்று எடுத்துக்கொள்ளவில்லை. சர்ச்சில் மட்டும் ஏன் அப்படி ஆனது என்றால், என் தம்பி இருக்கிறானே, அவன் பாட்டுக்குழு வரைக்கும் கேட்கிற மாதிரி, "யக்கா, அந்தப் பலாப்பழத்த இன்னுமா மனசுல வச்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் வீட்டு மரத்துப் பலாப்பழத்தை உங்கள் வீட்டுக்காரர் கையில் வாங்கி, மைக்கில் "லேசா அழுகல்" என்று சொன்னது எந்தக் காலத்துக் கதை. அதை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையும், யார் யார் சிரித்தார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் மூன்றாம் ஓலையைத் தள்ளிவைக்கச் சொன்னீர்கள். உங்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஜெரூஷா என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க பாட்டி, இப்படி இருமிக் காட்டாதீங்க" என்றாள். நான் வளர்த்த பிள்ளை. ஜான்சி சுக்குக் கஷாயம் வைத்தாள், துரை ஏதோ சிவப்பு மருந்து வாங்கி வந்தான், எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் நான்தான், "வாடி, டாக்டர் வாயால கேட்டுக்கோ" என்று ஜெரூஷாவை இழுத்துக்கொண்டு கிறிஸ்டினா டாக்டரிடம் போனேன்.

அந்தப் பெண் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டது, எக்ஸ்ரே பார்த்தது, சளியே இல்லை என்றது. பிறகு என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எப்ப ஆரம்பிச்சீங்க பாட்டி?" என்று கேட்டது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் பிரஷருக்கு வேறொரு டாக்டர் கொடுத்தது என்றேன். "இருமல்?" "அதுக்கப்புறந்தான்." உடனே சிரித்துவிட்டது. ஒரு முறைதான் விளக்கிச் சொன்னது, எனக்கு அப்படியே இருக்கிறது, கேளுங்கள். நம் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் என்று ஒன்று ஓடுகிறது. ரத்தக்குழாயில் அதற்கென்று சீட்டு போட்டிருக்கிறது. அது வந்து உட்கார்ந்தால் குழாய் இறுகும், பிரஷர் ஏறும். அடிபட்டு ரத்தம் போனால் அதுதான் ஆளைக் காப்பாற்றும். ஆனால் எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தால் இதயத்தையும் கிட்னியையும் கெடுத்துவிடும். பழைய மாத்திரை அதை உருவாகவே விடாது. நல்லதுதான். ஆனால் அப்படித் தடுக்கும்போது, உடம்பு கழித்துக் கட்ட வேண்டிய வேறொன்றும் போகாமல் தேங்கி, சிலருக்குத் தொண்டையைச் சுரண்டும். அதுதான் என் இருமல். பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வேறொன்று எழுதிக் கொடுத்தது. "புது மாத்திரை அது உருவாகறதத் தடுக்காது பாட்டி. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல, அந்த மாதிரி முன்னாடியே போய் சீட்டப் புடிச்சிக்கும். ஆஞ்சியோடென்சின் வந்து பார்த்துட்டு நின்னுகிட்டே போகும்" என்றது. ஜெரூஷா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு தானாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இருமல் மெதுவாகக் குறைந்து, தள்ளிவைத்த மூன்றாம் ஓலையை வாசிப்பதற்குள் சுத்தமாக நின்றது. போன ஞாயிறு போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சபையே திரும்பி என் வாயைப் பார்த்தது. நான் வாயை மூடி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் ஜீவரத்தினம் இருமினான். ஒன்றல்ல, வரிசையாக, போதகர் புத்தகத்தை மூடுகிறவரை. நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். பிறகு அவனை உலுக்கியதில் வெளியே வந்தது: நான் நிறுத்திய அந்தப் பழைய அட்டைகளை ஜான்சியிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். "அதே பிரஷர், அதே மாத்திரதானக்கா, குப்பையில போடறதுக்கு நான் முழுங்கறேன்" என்கிறான். நம் ஜனங்கள் புடவை, பால் குக்கர், தொட்டில் எல்லாம் கைமாற்றிக் கொள்வது சரி. மாத்திரையையுமா?

ஆகவே இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் தடை ஒன்றுமில்லை. தாமதிக்காமல் கல்யாணத் தேதியை வையுங்கள். பிள்ளைகளைக் கர்த்தர் ஒலிவமரக் கன்றுகளைப்போலத் தழைக்கப் பண்ணட்டும். உங்கள் முழங்கால் வலிக்கும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
சாராள்

பி.கு. கடிதத்தை மடிக்கும்போது ஜெபின் போன் செய்தார். மேலே நான் வைக்கச் சொன்ன தேதியை இப்போது வைக்க வேண்டாம். உங்களுக்கும் கொஞ்ச நாளாகத் தொண்டையில் கரகரப்பு, இருமல் என்றார். சமாதானம் பேச உங்கள் வீட்டுக்கு வந்த என் தம்பி, பிரஷருக்கு நல்ல மாத்திரை என்று என் பழைய அட்டையில் ஒன்றை உங்கள் கையிலும் கொடுத்திருக்கிறான். நீங்களும் முழுங்கியிருக்கிறீர்கள். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் போதகர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பார், சம்பந்தியம்மா. அப்போது நீங்கள் இருமினால் என் பேத்தி தாங்க மாட்டாள். நாளைக் காலையில் அட்டையோடு கிறிஸ்டினா டாக்டரிடம் வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன். என் புது மாத்திரையைக் கேட்காதீர்கள், தரமாட்டேன். உங்களுக்கு எது என்று ரத்தம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உங்களை மன்னித்தேன், சபையை மன்னித்தேன், அட்டையை எடுத்துக் கொடுத்த ஜான்சியைக்கூட மன்னித்தேன். ஒருவனை மட்டும் மன்னிப்பதாக இல்லை: ஜீவரத்தினம்.