குறடு முடுக்கிய ஏழு மூடிகள்

"நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த வீட்ல ஒரு சர்க்கரை டப்பா திறக்குமா?" என்று குறடு மார்தட்டிக் கேட்டான். அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பான். விதி யாரை விட்டது!

குறடு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்த பெயர். குழாய் வேலைக்காரன். முப்பது வருஷமாக நட்டு முடுக்கி முடுக்கி அவன் விரல்கள் இரும்பாகவே ஆகிவிட்டன. மருந்து பாட்டில் திறக்கவில்லையா, சோடா மூடி சுற்றவில்லையா, "குறடு வீட்டுக்குக் கொண்டு போ" என்பார்கள். கொண்டு வந்ததை வாங்குவான், ஒரு திருகு திருகுவான், திருப்பிக் கொடுப்பான். கொடுக்கும்போது அவன் முகத்தில் ஒரு புன்னகை இருக்கும் பாருங்கள், ராஜாக்கள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதே கைதான் மூடுவதற்கும். ஒழுகக் கூடாது என்பது அவன் தொழில் தர்மம். சமையலறைக் குழாயை அவன் மூடினால் அவன் வந்துதான் திறக்க வேண்டும். உப்பு டப்பாவும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாக அவன் மனைவி, "ஏங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவன் இல்லறம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் தையல்காரி. கை குச்சி மாதிரி இருக்கும். தையல் மெஷின் சமையலறை மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. முன்னறை முழுக்கக் குறட்டின் சாமான். பழைய பைப், உடைந்த குழாய், ஒரு வாஷ்பேசின், எந்த வீட்டில் கழற்றியது என்று அவனுக்கே மறந்துபோன வால்வுகள். அந்த முன்னறையைத்தான் அவள் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டாள்.

"ஏங்க, முன்னறையைக் காலி பண்ணிக் குடுங்க. தையல் வகுப்பு ஆரம்பிக்கப் போறேன்."

"அந்தச் சாமானெல்லாம் எங்கே போறது?"

"போற இடத்துக்குப் போகட்டும்."

"அந்த வாஷ்பேசின் நல்லா இருக்கு."

"ரெண்டா இருக்கு."

"ஒட்டினா ஒண்ணாயிடும்."

"பதினோரு வருஷமா ஒட்டப் போறீங்க."

பதில் இல்லாதபோது ஆம்பிளை என்ன செய்வான்? குரலை உயர்த்துவான். குறடும் உயர்த்தினான். அப்போதுதான் அந்தச் சர்க்கரை டப்பா வசனம் வந்தது. அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படியா? சரி, பந்தயம்."

"என்ன பந்தயம்?"

"நாளைக் காலையிலேருந்து சனிக்கிழமை வரைக்கும். நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல மத்தவங்ககிட்ட நேருக்கு நேர் பேசுறாங்களோ, அவங்க தோத்தவங்க. நான் தோத்தா, வகுப்புன்னு இந்த ஜென்மத்துல பேச்செடுக்க மாட்டேன். நீங்க தோத்தா முன்னறை என்னுது."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. எத்தனை வருஷமாக அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்தவர் சட்டைக்குப் பொத்தான் வைத்தாளோ, அத்தனை வருஷமும் அந்தக் குரலில் இருந்தது. குறட்டுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் முன்னறை போனால் வாஷ்பேசின் எங்கே போகும்?

"சரி. பந்தயம்னா பந்தயம்" என்றான்.

புதன்கிழமை காலை கண் விழித்ததும் அவன் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. அவள் எதற்கெல்லாம் தன்னைக் கூப்பிடுவாள்? மூடி திறக்க. மூடி திறக்கவில்லையென்றால்? கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டால் தோற்றாள். அடடா, அடடா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு, பூனை நடை நடந்து சமையலறைக்குள் போனான்.

அலமாரியில் ஏழு பிளாஸ்டிக் டப்பா. சர்க்கரை, தேயிலை, உப்பு, மிளகு, பருப்பு, மாவு, மல்லி. ஏழுக்கும் சிவப்புத் திருகு மூடி. ஏழுக்கும் அடியில் பூப்போட்ட துணியில் எலாஸ்டிக் வைத்துச் சின்னச் சின்னப் பாவாடை கட்டியிருந்தது. வெட்டுத்துணி மிச்சமாகிவிட்டால் இவளுக்குக் கை சும்மா இருக்காது, டப்பாவுக்கும் துணி தைப்பாள் என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து, மூச்சைப் பிடித்து, மூடி 'கிரீச்' என்று கதறும் வரை முடுக்கினான். ஏழும் முடிந்தபோது வியர்த்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது சீட்டியடித்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தான். டீ வந்தது. ஒரு வாய் குடித்தான்.

இனித்தது.

இன்னொரு வாய் குடித்தான். சந்தேகமே இல்லை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாக்கில் தேயிலையும் மணக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல உள்ளே போய் சர்க்கரை டப்பா மூடியைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. காலையில் முடுக்கிய முடுக்கு அப்படியே இருந்தது. அவனுக்கே அதைத் திறக்க இரண்டு தம் பிடிக்க வேண்டியிருந்தது.

பேசக்கூடாது. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஸ்பேனரே, இந்த வீட்ல டீயில சர்க்கரை எப்படி விழுந்துச்சு?"

அவள் தையல் மெஷினைத் தடவிக் கொடுத்தாள். "மெஷினே, சர்க்கரை டப்பாவுலேருந்துதான் விழுந்துச்சுன்னு சொல்லு."

"ஸ்பேனரே, அந்த டப்பாவைத் திறக்க ஒரு ஆம்பிளைக் கை வேணுமே?"

"மெஷினே, சாப்பாட்டுக்கு வரச் சொல்லு. ஆறிப்போகுது."

சாப்பாட்டில் உப்பு, மிளகு எல்லாம் கச்சிதம். குறடு எண்ணி எண்ணிச் சாப்பிட்டான். டம்ளரிலும் தட்டிலுமாக ஏழு டப்பாவும் வந்துவிட்டன.

வியாழக்கிழமை தொழில் முறையில் இறங்கினான். ஏழு மூடியையும் சிரமப்பட்டுக் கழற்றி, குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் சுற்றி, திரும்ப முடுக்கினான். தண்ணீரே தாண்டாது, அவள் எங்கே தாண்டுவது? அதோடு விடவில்லை. மூடியிலிருந்து டப்பா வரைக்கும் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டான். மூடி மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரிய பெரிய கட்டடத்து வால்வுக்கே அவன் அப்படித்தான் அடையாளம் வைப்பான்.

அன்று ஒரு அடுக்குமாடியில் வேலை. மூன்றாவது மாடிக் குளியலறையில் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் இந்நேரம் என்ன செய்கிறாளோ என்று யோசித்தான். யோசித்தபடியே மூட வேண்டிய வால்வைத் திறந்துவிட்டான். தலையிலிருந்து கால் வரை நனைந்தான். வீட்டுக்காரம்மா துண்டோடு ஓடிவந்தாள்.

"என்னப்பா, முப்பது வருஷ சர்வீஸ்னு சொன்னே?"

"சர்வீஸ் சரிதாம்மா. வீட்லதான் ஒழுகுது."

சாயங்காலம் டீ இனித்தது. பென்சில் கோடு ஏழும் இம்மி பிசகாமல் நேராக நின்றன. டேப்பின் நுனிகூடக் கசங்கவில்லை. குறட்டுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயமில்லை அது. பெரிய மலையை முதன்முதலில் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி. கழுத்து தன்னால் பின்னுக்குச் சாய்ந்து, வாய் தன்னால் பிளந்தது. பத்தொன்பது வருஷமாக இதே சமையலறையில், இதே குச்சிக் கையோடு, இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். தனக்குத் தெரியாமல் போச்சே!

மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகைப் பார்த்தபடி நின்றான். எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும்போல இருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

"ஸ்பேனரே" என்றான். "எப்படின்னு மட்டும் சொல்லச் சொல்லேன்."

"மெஷினே, கேக்க வேண்டியவங்க கேக்க வேண்டியவங்களைக் கேட்டா பதில் தானா வரும்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தான். பைப் ரென்ச். முழங்கை நீளம் இருக்கும். அதை மூடியில் மாட்டித் தொங்கினான். ஐந்தாவது டப்பாவில் மணிக்கட்டில் 'களுக்' என்று ஒரு சத்தம். கண்ணில் பூச்சி பறந்தது. மீதி இரண்டை இடது கையால் முடித்துவிட்டு, மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, எதிர்வீட்டுக்குப் போனான்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நாற்பது வருஷம் மனுஷ முகத்தைப் பார்த்தே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னவர். குறடு ஒன்று விடாமல் சொன்னான். கண்டக்டர் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"டேப்பு சுத்தியுமா?"

"சுத்தியும்."

"கோடு நகரலையா?"

"ஒரு நூல் நகரலைண்ணே."

"பின்னே எப்படிப்பா? டிக்கெட் கிழிக்காம ஆள் ஏறினா படிக்கட்டுல நான் பார்த்திருப்பேன். இது படிக்கட்டே இல்லாம ஏறுதே!"

"அதான்ணே எனக்கும் புரியலை. அவ கை உங்களுக்குத் தெரியும்ல? பென்சில் மாதிரி இருக்கும். அந்தக் கைக்குள்ள என்ன இருக்குன்னுதான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்."

"கேட்டுடேன்."

"கேட்டா முன்னறை போச்சு."

"கேக்காட்டி?"

குறடு யோசித்தான். இன்னும் ஒரு நாள்தான். சனிக்கிழமை தாண்டினால் பந்தயம் அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. முன்னறை அவனிடமே இருக்கும். வாஷ்பேசின் இருக்கும், வால்வு இருக்கும். ஆனால் பதில் இருக்காது. சாகிற வரை டீயைக் குடித்துவிட்டு இது எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷம் முடுக்கினவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று முடுக்காதவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தான். டீ வந்தது. குடித்தான். முந்தின நாளைவிட அரை ஸ்பூன் கூடவே இனித்தது. டம்ளரைக் கீழே வைத்தான். ஸ்பேனரையும் கீழே வைத்தான்.

"அம்மா தாயே, எப்படி?"

மெஷின் நின்றது.

"யாரைக் கேட்டீங்க?"

"உன்னைத்தான்."

"ஸ்பேனரைக் கேக்கலையே?"

"உன்னைத்தான், உன்னைத்தான்! முன்னறை போனா போகட்டும். இந்தத் தெருவுல என் முடுக்கை ஜெயிச்ச ஆள் கிடையாது. ரென்ச் போட்டு முடுக்கினேன், என் கையே போச்சு. நீ எப்படித் திறந்தே? எனக்குச் சொல்லிக் குடு."

அவள் எழுந்து போய் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள். மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். இப்போது மூடி கீழே, அடிப்பாகம் மேலே. பூப்போட்ட பாவாடையை உருவினாள். வட்டமாக, நூல் பிடித்த மாதிரி வெட்டியெடுத்த அடித்தட்டு தனியாகக் கையோடு வந்தது. உள்ளே சர்க்கரை. ஒரு ஸ்பூன் அள்ளிக் காட்டினாள். தட்டை வைத்தாள், பாவாடையை மாட்டினாள், எலாஸ்டிக் 'சப்' என்று பிடித்துக்கொண்டது. நிமிர்த்தி வைத்தாள். பென்சில் கோடு நேராக இருந்தது.

"நீங்க மூடியைத்தானேங்க காவல் காத்தீங்க" என்றாள்.

குறடு அந்த டப்பாவைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வெட்டின விளிம்பை விரலால் தடவினான். ஒரு பிசிறு இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணி வந்தது. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவளைக் கும்பிடுகிற மாதிரி, வலிக்கிற கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"தெய்வமே! புதன்கிழமை நான் முடுக்கிட்டுப் போனதும் உடனே உக்காந்து வெட்டினியா?"

"இல்லீங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானமே வெட்டிட்டேன்."

"செவ்வாயா? சண்டையே செவ்வாய் சாயங்காலம்தானே வந்துச்சு!"

"ஆமா."

"மூடியை முடுக்கணும்னு எனக்கே புதன்கிழமை காலையிலதானே தோணுச்சு!"

"உங்களுக்குத் தோணுறதுக்குள்ள எனக்குத் தெரியாதாங்க? பத்தொன்பது வருஷம் ஆச்சு."

குறடு உட்கார்ந்துவிட்டான். பிறகு, தோற்றாலும் வீட்டுக்குத் தலைவன் தலைவன்தான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி. சொன்ன சொல் தவற மாட்டேன். கை சரியாகட்டும், சாமானை மெதுவா ஒதுக்கித் தர்றேன். வகுப்பு எப்போங்கிறதை அடுத்த மாசம் ரெண்டு பேருமா உக்காந்து முடிவு பண்ணலாம்."

அவள் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். 'தையல் வகுப்பு. திங்கள் முதல். முன்னறையில்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. குறடு விரலால் தொட்டுப் பார்த்தான். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

"ஏம்மா, நான் இப்பத்தானே தோத்தேன்?"

"அதுக்கென்னங்க பண்றது? போர்டு எழுதுறவருக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லணுமாம்."