ஆட்டம் பாயும் ரெண்டு கோடும்

உலகத்தில் உள்ள சகல பொருளும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு ஆட்டம் பாய். இதையே ஒரு விஞ்ஞானி சொன்னால் கைதட்டுவோம். பாய் நம் வீட்டுக்கு வந்து, உட்காரும் முன் நாற்காலியை ஒரு உலுக்கு உலுக்கி, "இதுல ஆட்டம் இருக்கு வே" என்றால் எரிச்சல்தான் வரும்.

அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கார்டுக்கும் மைனிக்கும் மட்டுமே தெரியும். மைனி என்றால் பாயின் வீட்டுக்காரி. தெருவில் எல்லாருக்கும் மைனி. பாய் வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷின் ஓட்டியவர். இரும்புக் கட்டையை மேடையில் இறுக்கி, மேலே சுற்றுகிற கட்டரால் மயிரிழை மயிரிழையாகச் சீவுகிற மெஷின் அது. அந்த வேலையில் ஆட்டம்தான் எதிரி. வேலையை விட்டுத் தென்காசிக்கு வந்த பிறகும் அவர் எதிரியை விடவில்லை. பல் பிடுங்கப் போனவர், டாக்டருடைய நாற்காலியில் ஆட்டம் இருக்கிறது என்று பிடுங்காமலே திரும்பினார். என் மச்சினன் கல்யாணத்தில் மணமேடைத் தூணை அசைத்துப் பார்த்ததில் மேல் ஜோடனை மாப்பிள்ளை தலையில் இறங்கியது. "நான் சொன்னேன்லா?" என்று பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கி. வீட்டிலேயே ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கி, தன் கையால் ஒரு சதுர இரும்புக் கட்டை செய்ய வேண்டும். வேறொன்றும் இல்லை. ஐ.டி.ஐ.யில் படித்தபோது முதல் பாடமே அந்தக் கட்டைதான். ஆறு பக்கமும் அச்சாக இருக்க வேண்டும். வாத்தியார் அளந்து பார்த்து, "ஆட்டம் இருக்கு" என்று கழிவுத் தொட்டியில் எறிந்தாராம். "ஊரான் மெஷின்ல ஊரானுக்கு லட்சம் சாமான் செஞ்சாச்சு. எனக்குன்னு ஒண்ணு செய்யணும் வே. ரெண்டு கோட்டுக்கு மேல ஆடப்பிடாது." ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நமக்கெல்லாம் ஒரு சாண் ஆடினாலே தெரியாது.

மேஜைமேல் வைக்கிற சின்ன மெஷின்களில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு மூன்று வருஷம் ஆனது. என் ஸ்கூட்டரிலும் பல பஸ்களிலுமாக நாங்கள் பார்த்தவை நான்கு. ஒன்றுக்கு உருண்டைத் தூண். தலையை ஏற்றி இறக்கினால் பழைய இடத்தை மறந்துவிடும். ஒன்றுக்கு உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். பாய் அதைப் பார்த்துவிட்டு எழவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். ஒன்றுக்கு பெல்ட், சத்தம் கிடையாது, வலுவும் கிடையாது. நான்காவது எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் எடைக்கு அவர் வீட்டுத் தரை தாங்காது. எல்லாம் ரூல் நோட்டில் ஏறும். எழுதுவது நான்.

நோட்டில் முக்கியமான கட்டம் ஆட்டம். டயல் கேஜ் என்று கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவியை மடியிலிருந்து எடுப்பார். மெஷினின் சுற்றுகிற மூக்கில் அதன் முனையை வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுவார். முள் எத்தனை கோடு ஆடுகிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நீரு பாரும். படிச்ச கண்ணு."

எனக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனை யார் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

ஐந்தருவி கதையையும் சொல்லிவிடுகிறேன். குற்றாலச் சாரலில் எந்த எண்ணெய் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் என்று பார்க்க ஒருநாள் ரெண்டு இரும்புத் துண்டோடு போனோம். ஒன்றில் பாய் கடையில் வாங்கிய மெஷின் எண்ணெய் தடவி, மற்றதை அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவரிடம் நீட்டினார். அந்த ஆள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுக்குக் கை காலு எங்கன இருக்கு பாய்?" என்று கேட்டுவிட்டுத் தேய்த்தும் கொடுத்தார். சுவரோரம் வைத்து எட்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். மசாஜ் எண்ணெய்தான் ஜெயித்தது. திரும்பும்போது பாய் படியில் தடுக்கி விழுந்தார். பாசி என்றார். நானும் பாசி என்றேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். மைனி வாசலிலேயே நிறுத்தினாள்.

"தம்பி, ஒங்ககிட்டயாவது சொன்னாவளா? டீயை கிளாசுக்கு வெளிய ஊத்துதாவ. இடது கண்ணு போயி மூணு வருசமாச்சாம். வலதும் இப்ப நிழலுதானாம். நேத்து திருநவேலியில டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். சொன்னா மவனுவ மெஷின் வாங்க விடமாட்டானுவன்னு மறைச்சிருக்காவ."

உள்ளே பாய் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "வே, அந்த ஆட்டக் கட்டத்தை மட்டும் வாசியும். இவளை வாசிக்கச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டுப் பாத்துட்டேன். நாலும் ஒரே மாதிரி வருதே. அப்படி வராதே. எனக்குப் புத்தி மழுங்கிட்டோ?"

வாசித்தேன். முதல் மெஷின், ரெண்டு கோடு. இரண்டாவது, ரெண்டு கோடு. மூன்றாவது, ரெண்டு. நான்காவது, ரெண்டு.

அந்த முள் ஒரு இடத்தில் நிற்காது. கோடுகளோ எறும்புக் கால் மாதிரி. எனக்கோ பசி. ரெண்டு என்று சொன்னால் அவர் முகம் மலரும், சாப்பிடப் போகலாம். முதல் தடவை அப்படிச் சொன்னேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. முப்பது வருஷம் கோப்பைப் பார்க்காமலே பார்வையிட்டேன் என்று கையெழுத்துப் போட்ட கை இது. பாய் முடிவெடுக்க முடியாமல் கடை கடையாய் அலைந்த மூன்று வருஷமும் அவர் கண் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த வருஷங்களைத் தின்றது நான்.

சொல்லிவிட்டேன். ஒளிக்கவில்லை.

பாய் கை நீட்டி நோட்டை வாங்கி மூடினார். "அப்ப எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "நீரு போயிட்டு வாரும்" என்றார். அடித்திருக்கலாம்.

ரெண்டு மாதம் அந்தப் பக்கம் போக எனக்கு முகமில்லை. பிறகு மைனி ஆள் விட்டாள். இனி கடை கடையாய் ஏற முடியாது என்று பாய் முதலில் பார்த்த அந்த உருண்டைத் தூண் மெஷினையே வாங்கியிருந்தார். கீழ் அறையில் மசாஜ் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது.

"அளக்கதுக்கு ஆளு வேணும்" என்றார் பாய், என் பக்கம் பார்க்காமல். இனிமேல் எந்தப் பக்கமும் பார்க்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"நான் எதுக்கு பாய்? பொய் சொன்ன கண்ணு."

"புதுசா ஒருத்தன் என்ன பொய் சொல்லுவான்னு எனக்குத் தெரியாதுல்லா. ஒம்ம பொய் தெரிஞ்ச பொய்யி."

கைப்பிடி அவர் கையில். கேஜ் என் கண்ணில். சுவிட்ச் மைனியிடம். "வெரல் போச்சுன்னா சோறு ஊட்டமாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போடுவாள். கண்ணில்லாமல்தான் சீவினார். சத்தத்தை வைத்தே இரும்பு எங்கே இருக்கிறது என்று சொல்லுவார். முதல் கட்டை பதினோரு கோடு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பதினொன்று என்றேன். தூக்கி எறிந்தார். இரண்டாவது ஏழு. மூன்றாவது ஒன்பது. ஒவ்வொரு நம்பரும் அவர் முகத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ரெண்டு என்ற சொல் வாய்வரை வந்து வந்து போனது.

நாலாவது கட்டை முடிய ஒரு மாதம் ஆனது. கேஜை வைத்து ஆறு பக்கமும் மெதுவாக இழுத்தார். முள் லேசாக எழுந்து இறங்கியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"எத்தனை?"

"ரெண்டு, பாய்."

அவர் கை நின்றுவிட்டது. "அந்தப் பழைய ரெண்டா?"

"அல்லா சத்தியமா ரெண்டு."

"நீரு அல்லா மேல சத்தியம் பண்ணாதேயும். ஏட்டி, நீ எண்ணு."

மைனி சுவிட்சை விட்டுவிட்டு வந்து, கேஜில் மூக்கு இடிக்கக் குனிந்து எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு." நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டுத்தாங்க."

பாய் கட்டையை ரெண்டு கையிலும் வாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு பக்கமாகத் தடவினார். அப்புறம் என் பக்கமாக நீட்டினார். "நீரு வச்சுக்கிடும். எனக்கு இது எப்படியிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்தேன். மேஜையை முதலில் உலுக்கிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தது, காலுக்கு அட்டை கொடுத்தேன். அந்தக் கட்டைக்குத் தினம் காலையில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். சாரல் மாதத்தில் ரெண்டு வேளை.