தனித்திருப்போர் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பு

அந்த வாரம் இன்னொரு உறுப்பினரும் செத்துப்போனார். தனித்திருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு வருத்தம்தான். ஆனால் அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் மனதில் ஓடியது கணக்கு. இருபத்தாறு.

முப்பது பேராவது இல்லாவிட்டால் சங்கத்துக்குக் கொடுத்த மாடியறையைக் காலி செய்யவேண்டும் என்று நூலக அதிகாரி சொல்லிவிட்டார். வருஷக் கடைசி வரை கெடு. அறை போனால் அதிலிருக்கும் தொலைபேசியும் போகும். அந்தத் தொலைபேசிதான் சங்கம். தினமும் காலையில் செயலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எழுந்தாச்சா?" என்று கேட்பார். எடுக்காதவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் செத்து, ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் கிடந்ததைப் பார்த்தபின் தொடங்கிய வேலை இது. செயலாளர் ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் குரல் அவருக்குப் பழக்கம்.

உதவிக்கு வந்தவர் மாப்பிள்ளை. சோப்புக் கம்பெனியில் விளம்பரம் பார்ப்பவர். ஆபீஸ் முடிந்ததும் தினமும் மாடியறைக்கு வந்து, பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தபடி யோசனை சொல்வார்.

"சாவைக் காட்டி ஆள் சேக்கறீங்க மாமா. யார் வருவா? கொஞ்சம் கலகலப்பா ஏதாவது பண்ணுங்க."

"கலகலப்பா இருக்கறவன் இங்க ஏன் மாப்பிள்ளை வரான்?"

ஆனாலும் ஞாயிறுதோறும் டீ பார்ட்டி நடந்தது. இரண்டு மாதத்தில் ரிட்டயரான நர்சம்மாவும் தபால் ஆபீஸ்காரரும் சேர்ந்து வந்து நின்றார்கள்.

"எங்க பேரை எடுத்துடுங்க சார்."

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. கல்யாணம் பண்ணிக்கிறோம். அப்புறம் எப்படி இங்க இருக்கறது?"

அடுத்த மாதம் இன்னொரு ஜோடி. பதறிப்போன செயலாளர் ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்று பிரித்தார். "இந்த வயசுல எங்களை என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெண்கள் மூவர் விலகிக்கொண்டார்கள்.

"டீயை விடுங்க மாமா. போஸ்டர் அடிப்போம்," என்றார் மாப்பிள்ளை.

உறுப்பினர்களில் மூத்தவரான கடிகாரக்காரரின் படம். கீழே, 'இனி இவர் தனியாக இல்லை' என்ற வாசகம். எடுப்பாக இருக்கட்டும் என்று அச்சகக்காரர் தன் பங்குக்குச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டிவிட்டார்.

மறுநாள் கடிகாரக்காரரின் வீட்டு வாசலில் பூவோடு கூட்டம். கதவைத் திறந்தவர் கேட்டார். "யாருங்க போயிட்டது?"

முன்னால் நின்றவர் தயங்கினார். "நீங்கதான்."

கடிகாரக்காரர் எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, தன்னைப் பற்றி என்ன சொல்ல வந்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். மதியத்துக்குள், பல வருஷமாக எட்டிப் பார்க்காத மகன் வெளியூரிலிருந்து வந்து இறங்கினான். அப்பா உட்கார்ந்து பூமாலையிலிருந்து இதழ் உதிர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாசலிலேயே குலுங்கி அழுதான். அன்றைக்கே கையோடு அழைத்துப் போய்விட்டான்.

"நல்லதுதானே மாமா."

"ஒரு ஆள் குறைஞ்சிடுச்சே."

சொன்ன பிறகு செயலாளருக்கு வாய் கசந்தது. ஆனால், பூவோடு வந்தவர்களில் பத்துப் பேர் அன்றைக்கு வெறும் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். கணக்கு இருபத்தெட்டு.

"குடும்பக் கோர்ட் வாசல்ல போய் நின்னா என்ன மாப்பிள்ளை?"

"அங்க வேணாம் மாமா."

"ஏன்?"

"சும்மாதான். அங்க வர்றவங்க பேசற நிலைமைல இருக்க மாட்டாங்க."

எனவே செயலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் படிவத்தை நீட்டினார். அவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு கையிலிருந்த குடையால் செயலாளரின் தோளில் ஒன்று வைத்தார்.

"அவர் இன்னும் உள்ளதான்யா இருக்காரு."

செயலாளர் படியில் போய் உட்கார்ந்தார். பத்து நாள் கழித்து அந்த அம்மா தானாகவே மாடியேறி வந்து, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இருபத்தொன்பது.

கெடு மறுநாள். மாலையில் செயலாளரும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது.

"நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை. தினமும் இங்கயே கெடந்தா அவ கோவிச்சுக்கப் போறா. எங்கிட்டயே 'நல்லா இருக்கேன்பா'ன்னு போனை வச்சிடறா. உங்ககிட்டயாவது உக்காந்து பேசட்டும்."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"என் பேரைச் சேத்துக்கங்க மாமா."

"வேணாம். ஒரு ஆளுக்காகப் பொய்க் கணக்குக் காட்ட மாட்டேன்."

"பொய் இல்ல. உங்க பொண்ணு என்னை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது மாமா."