ஒட்டகம் ஏறிய லிஃப்ட்

ஒட்டகத்தின் திமில் மாட்டிக்கொண்டது மூன்றாம் மாடியிலா, நான்காம் மாடியிலா? அந்தச் சனிக்கிழமை பாரிஸின் லா சப்பல் கஃபேயில் கிளம்பிய பிரச்சினை இவ்வளவுதான். இதற்குப் போய் அறுபது தாண்டிய இரண்டு பெரிய மனிதர்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாலாம் மாடி ஐசே! கதவு பூட்டுது, திமில் வெளியிலை நிக்குது, ஒட்டகம் கீழை போகுது!" என்றார் நல்லசிவம்.

"மூணுய்யா. எங்க கம்பெனிப் படம், எனக்குத் தெரியாதா?" என்றார் அந்துவான்.

எங்கள் கம்பெனி என்றதும் பங்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் புதுச்சேரியில் பிறந்து, பாரிஸில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். கம்பெனி என்பது பழைய கார்ட்டூன் கம்பெனி. அந்தக் காலத்தில் இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சின்னச் சின்னப் படங்கள் எடுத்துத் தள்ளின. ஒன்றின் தொடக்கத்தில் சேவல் கூவும். மற்றதில் ஆந்தை தலையைச் சுற்றும். நல்லசிவம் சேவல் கட்சி, அந்துவான் ஆந்தைக் கட்சி.

நல்லசிவம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், ஆறு பேர் படுத்த ஓர் அறையில் ஒரு பழைய டிவி இருந்தது. பிரெஞ்சு ஒரு சொல் புரியாது. ஆனால் ட்ரம்பெட்டை விழுங்கிய ஆடு ஏப்பம் விடும்போதெல்லாம் பேண்டு வாத்தியம் கேட்டதற்கு மொழி தேவைப்படவில்லை. இந்த நாட்டில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அந்த ஆட்டைப் பார்த்துத்தான். அதைச் சொன்னால் வீட்டில் மனைவி ராஜலட்சுமி, "பேரப்பிள்ளையள் பாக்கிறதை உந்த வயதிலை பாத்துக்கொண்டு" என்று எழுந்து போய்விடுவார். உட்கார்ந்து கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

சனிக்கிழமை தோறும் அந்துவானின் மனைவி மர்கரீத் அவரைப் புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து கூட்டிவந்து, கஃபே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவார். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விட்டாச்சோ?" என்று நல்லசிவம் கேலி செய்வார். அப்புறம் சண்டை தொடங்கும்.

"உன் சேவல்காரனுக்குப் பொறுமையே கிடையாதுய்யா. ஆடு வந்தா உடனே விழணும். எங்க ஆந்தைக்காரன் விழ வைக்கமாட்டான். விழப்போற ஆளைச் சும்மா நிக்க வைப்பான். அந்த நிக்கிற இடத்துலதான் வயிறு வலிக்கும்."

"நிக்கிறதைப் பாக்கிறதெண்டால் பிரெபெக்சர் கந்தோர் வாசல்லை போய்ப் பாக்கலாமே! விசாக்காரர் எல்லாரும் அங்கைதான் நிக்கினம்."

"சரி, நிக்கும்போது ஒட்டகத்தோட மூஞ்சி எப்படி இருக்கும்? உனக்கு ஒழுங்கா ஞாபகம் இருந்தா சொல்லு பார்ப்போம்."

விட்டுக்கொடுப்பாரா? நல்லசிவம் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, ஒட்டகத்தின் உதடு எந்தப் பக்கம் தொங்கியது என்பது வரை சொல்வார். அந்துவான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லு" என்பார். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடவென்று போகும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே நல்லசிவம் வாரம் முழுக்க உயிரோடிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது மகள் ஆர்த்திகா வாங்கிக் கொடுத்த டேப்லட்.

"இஞ்சை பாரும்!" அந்த ஒட்டகப் படத்தையே தேடி எடுத்து, லிஃப்ட் கதவு மூடும் இடத்தில் நிறுத்தி, அந்துவானின் மூக்குக்கு நேரே நீட்டினார் நல்லசிவம். கதவுக்கு மேலே பூசணிக்காய் அளவுக்கு 4 என்று எழுதியிருந்தது. "என்ன மாடி? வாயைத் திறந்து சொல்லும்!"

அந்துவான் டேப்லட் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்புறம், "மூணுதான்" என்றார்.

காபி கொண்டுவந்த பிராங்க் எட்டிப் பார்த்து, "காத்ர், மொசியே, நாலு!" என்று சிரித்தான். அடுத்த மேசையும் சிரித்தது.

"கண்ணுக்கு முன்னாலை காட்டியும் பொய் சொல்லுறீரே! இவ்வளவு நாளும் நீர் சொன்னதெல்லாம் இப்பிடித்தானோ? பச்சைப் பொய்யன்!"

அந்துவான் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மர்கரீத் வரும்வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நல்லசிவம் பழக்கதோஷத்தில் இரண்டு காபி சொல்லிவிட்டு, ஆறிப்போன ஒன்றையும் தானே குடித்தார். ரயிலில் ஒரு புறா அவர் குடியிருந்த ஓல்னேயில் ஏறி, யோசித்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கியது. பார்க்கும்போதே, இதை அந்துவானிடம் எப்படிச் சொல்வது என்று மனம் ஒத்திகை பார்த்துவிட்டது. சொல்ல ஆளில்லை.

முதலில் ஆந்தைக் கம்பெனிப் படங்கள் அத்தனையும் அடங்கிய டிவிடி பெட்டி ஒன்றை வரவழைத்து, ஆர்ஜொந்தெய்க்கு அனுப்பினார். ஒரு கிழமை பொறுத்துப் போன் செய்தார். மர்கரீத்தான் எடுத்தார்.

"படங்கள் பாத்தவரோ, தங்கச்சி?"

"பெட்டியைத் தடவிப் பார்த்தாருங்க அண்ணே. இது என்னான்னு கேட்டாரு, சொன்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. அலமாரி மேல தூக்கி வைக்கச் சொல்லிட்டாரு."

அவ்வளவு கோபமா? நல்லசிவம் யோசித்தார். வாயால் வந்த வினை இது. இனி வாயைத் திறக்கக்கூடாது. ஆந்தைக் கம்பெனிப் பாணியிலேயே, ஒரு சொல் பேசாமல், பார்த்தால் உருகுகிற மாதிரி மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தார். இந்த மனிதருக்கு மூளை வேலை செய்தால்தான் ஆபத்து.

மறுநாள் ஓல்னேயில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் நான்காம் மாடியில், முதுகில் தலையணை கட்டிய ஒட்டகம் ஒன்று லிஃப்டுக்குள் நுழைந்தது. கழுத்தில் ஓர் அட்டை: "மூன்றாம் மாடிதான். நான் தோற்றேன். ஆந்தை வாழ்க." எதிர்வீட்டு ழான்-லூக் போனில் படம் பிடித்தார். திட்டப்படி தலையணை கதவில் மாட்டவேண்டும். மாட்டியது. திட்டத்தில் இல்லாதபடி வேட்டியும் மாட்டியது. நல்லசிவம் ஒரு சத்தமும் போடாமல், கையைக் கூப்பி, முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆந்தைக்காரனே வந்திருந்தாலும் அவ்வளவு நேரம் நிற்க வைத்திருக்கமாட்டான். ழான்-லூக்தான் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். ராஜலட்சுமி கதவைத் திறந்து பார்த்து, "கடவுளே!" என்று உடனே சாத்திக்கொண்டார்.

வீடியோ போன அன்று மாலையே மர்கரீத் கூப்பிட்டார். குரலில் சூடு தெரிந்தது.

"என்னங்க அண்ணே அனுப்பினீங்க? நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். யாரோ ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறானாமே. கஃபேயில சிரிச்சது போதாதா, வீட்டுக்கும் அனுப்பி வைக்கிறானான்னு போனைத் தூக்கிப் போட்டுட்டாரு. ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டாரு."

"ஐயோ, சிரிச்சது எதிர்வீட்டுக்காரன்! என்ரை முகத்தைப் பாக்கேல்லையே அவர்? எவ்வளவு பாவமாய் வைச்சிருந்தனான்!"

"அடுப்புல பால் இருக்கு, வைக்கிறேன்" என்று மர்கரீத் வைத்துவிட்டார்.

அன்று நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஒட்டகமும் வேண்டாம், சேவலும் வேண்டாம். அந்த மனிதன் எதிரே உட்கார்ந்து, "உன் கம்பெனி ஒரு கம்பெனியா?" என்று ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செயின்ட்-லசார் நிலையத்தில் ரயிலேறி ஆர்ஜொந்தெய்க்கே போய்விட்டார். கக்கத்தில் டேப்லட். கையில் லா சப்பலில் வாங்கிய வடைப் பொட்டலம். மணியை அடித்ததும் மர்கரீத் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து, "யாரு மர்கரீத்?" என்று அந்துவானின் குரல் கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

நேரே தலையை உயர்த்தினால் அந்துவானே தெரிந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நல்லசிவம் தலையாட்டினார். கை கூப்பினார். வடைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். அந்துவானின் முகம் இந்தப் பக்கமே திரும்பியிருந்தது. ஒரு சிரிப்பு இல்லை, ஒரு முறைப்புக்கூட இல்லை.

அவ்வளவுதான், நல்லசிவம் உடைந்துபோனார். மர்கரீத் வெளியே வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டதும், குரலைத் தணித்துக்கொண்டு கெஞ்சத் தொடங்கினார்.

"என்னை ஆள் எண்டே மதிக்கேல்லை, பாத்தனீங்களே? நான் சொன்னது பிழைதான் தங்கச்சி. மூண்டாம் மாடிதான். அவர் என்ன மாடி எண்டு சொல்லுறாரோ அதுதான் மாடி. என்னைப் பக்கத்திலை இருக்க விட்டால் போதும். இந்த டேப்லட்டை அவருக்கு முன்னாலை வைச்சிட்டு, நான் ஒரு மூலையிலை இருக்கிறன். அவர் ஆறுதலாய்ப் பாக்கட்டும். செத்தாலும் இனி வாயே திறக்கமாட்டன், சத்தியம்!"

மர்கரீத் அந்த டேப்லட்டைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஐயோ, வாயைத் திறங்க அண்ணே! அவருக்குப் பார்வை போய் ரெண்டு வருஷமாச்சு, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. நீங்க சனிக்கிழமை வாயால சொல்றதுதான் அவர் பார்க்கிற படம்!"